ஏரிக்கரையில் ஒரு போதகர் குடும்பம்: மிச்சிகன் ஹாலந்து பயணக் குறிப்புகள்

வெள்ளி – சிகாகோவிலிருந்து

சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஹாலந்துக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில்தான். ஆம்ட்ராக்கின் 'பேர் மார்க்கெட்' மாலையில் கிளம்பி இரவு வெகுநேரம் கழித்துக் கொண்டுவந்து சேர்க்கும். கால அட்டவணையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தெரிந்தாலும் அதில் ஒரு மணி நேரம் வெறும் கடிகாரக் கணக்கு. சிகாகோ மத்திய நேரம், மிச்சிகன் கிழக்கு நேரம். திரும்பும் ரயில் விடியற்காலையில் கிளம்பிவிடும் என்பதால், இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள் அதைக் கோட்டைவிடுவது வழக்கம். ஊருக்குள் நடந்தே சுற்றலாம். சுற்றியிருக்கும் கிராமங்களுக்குக் கார் இல்லாமல் முடியாது. டிசம்பரிலும் நகர மையத்தில் நடக்கத் தடையில்லை, மின்நிலையத்தில் வீணாகும் வெந்நீரை நடைபாதைக்கு அடியில் குழாய்களில் ஓடவிட்டு விழுகிற பனியை உருக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பயணம் இந்த ஊரை நிறுவிய ஆல்பர்டஸ் கிறிஸ்டியான் ஃபான் ரால்டெ என்ற போதகரின் வாழ்க்கையைத் தேடி. 1811 அக்டோபர் 17இல் நெதர்லாந்தின் வன்னெபெர்வேன் என்ற ஊரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். 1834இல் ஹென்ட்ரிக் டெ காக் தலைமையில் ஒரு பகுதியினர் அரசு ஆதரவுபெற்ற சபையிலிருந்து பிரிந்தபோது இவருடைய மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சபைச் சட்டங்களுக்கு நிபந்தனையின்றிக் கையெழுத்துப் போட மறுத்ததால் பழைய சபை இவருக்குப் போதகர் பட்டம் தரவில்லை. பிரிந்துபோனவர்கள்தான் 1836 மார்ச்சில் அபிஷேகம் செய்தார்கள். அதே மாதத்தில் கிறிஸ்டினா யோஹன்னா டெ மூனுடன் திருமணம். அபிஷேகமும் கல்யாணமும் ஒரே மாதத்தில் வந்தன, அதன்பிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாதபடி அவர்கள் வாழ்க்கை ஓடியது.

நெப்போலியன் காலத் தண்டனைச் சட்டம் நெதர்லாந்தில் அப்போதும் நடப்பில் இருந்தது. அனுமதியில்லாமல் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. இதைக் காட்டி அபராதம் போட்டார்கள், வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள், ஃபான் ரால்டெயைச் சிறையிலும் வைத்தார்கள். 1840களில் இந்த நெருக்கடி தளர்ந்தது. ஆனால் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்து ஏழைக் குடும்பங்களின் அடுப்பை அணைத்துவிட்டது. மதத்துக்காக மட்டும் போனார்கள் என்று சொல்வதும், வயிற்றுக்காக மட்டும் போனார்கள் என்று சொல்வதும் பாதிக் கதைதான். பிள்ளைகளுக்குத் தங்கள் விருப்பப்படி கிறிஸ்தவப் பள்ளி நடத்தும் உரிமையும் அதே அளவு பெரிய காரணம்.

1846 இலையுதிர் காலத்தில் ரோட்டர்டாமிலிருந்து 'சதர்னர்' என்ற பாய்மரக் கப்பலில் மனைவி, சிறு குழந்தைகள், சுமார் நூறு பேர் கொண்ட கூட்டத்துடன் கிளம்பி நவம்பர் 17இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஆல்பனி, பஃபலோ, பிறகு ஈரி ஏரியைக் கடந்து டெட்ராய்ட். முதலில் நினைத்த இடம் விஸ்கான்சின். குளிர்காலம் தொடங்கி ஏரிப் போக்குவரத்து நின்றுவிட்டதால் டெட்ராய்ட் பக்கமே தங்கவேண்டியதாயிற்று, அங்கே கிடைத்த ஆலோசனைகளால் மிச்சிகனின் மேற்குக் கரைக்குத் திட்டம் மாறியது.

சனி – கறுப்பு ஏரியும் காடும்

1847 பிப்ரவரி 9இல் முதல் கூட்டம் வந்து சேர்ந்தது ஊருக்குத் தென்கிழக்கே உள்ள ஓல்ட் விங் மிஷனுக்கு. ஒட்டாவா பழங்குடியினருக்காக ஜார்ஜ் ஸ்மித் என்ற போதகர் நடத்திய இடம். அந்தப் பழைய வீடு இன்று தனியார் குடியிருப்பு. சாலையோரமே நின்று பார்த்துவிட்டு வரவேண்டும், வளாகத்துக்குள் காரைத் திருப்பக்கூடாது.

பிறகு ஏரிக்குப் போங்கள். அன்று கறுப்பு ஏரி, இன்று மக்கடாவா ஏரி. சுமார் 6 மைல் நீளம், மேற்கு முனையில் மிச்சிகன் ஏரியோடு சேர்கிறது. இதே ஆண்டில் இன்னொரு போதகர் ஹென்ட்ரிக் ஸ்கோல்டெ தன் கூட்டத்தை அயோவாவின் திறந்த புல்வெளிக்குக் கூட்டிப்போய் பெல்லாவைக் கட்டினார். ஃபான் ரால்டெ காட்டைத் தேர்ந்தெடுத்தார். கையில் காசில்லாதவர்களுக்கு மரமே கூலி என்பது அவர் கணக்கு: வீட்டுக்கு மரம், அடுப்புக்கு விறகு, விற்பதற்குச் சாம்பலும் பலகையும், எல்லாவற்றையும் சந்தைக்கு ஏற்றிவிட ஏரி. கணக்கு சரிதான். அதன் விலை முதல் வருடத்திலேயே தெரிந்தது.

நெதர்லாந்து விவசாயிகளுக்குப் பெருமரம் வெட்டித் தெரியாது. மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் தண்டின் மூன்றில் ஒரு பங்குக்கு ஆப்பு வடிவில் வெட்டவேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்தில் அதைவிடச் சற்று உயரத்தில் வெட்டி, நடுவில் கொஞ்சம் மரத்தை வெட்டாமல் விடவேண்டும். அந்த மிச்சம்தான் கீலாக நின்று மரத்தைச் சொன்ன திசையில் சாய்க்கும். சுற்றிலும் சமமாகக் கொத்திக்கொண்டே போனால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கற்றுக்கொள்ளும்வரை ஒவ்வொரு மரமும் ஆபத்துதான்.

அதைவிடப் பெரிய எதிரி சதுப்பு. வெட்டவெளியாக்கிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி 1847 கோடையில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குடிசை குடிசையாகப் புகுந்தன. மரப்பட்டையாலும் கிளைகளாலும் வேய்ந்த குடிசைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்ததால் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும். போதகரே மருந்துப் பெட்டியோடு வீடு வீடாகப் போனார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஓர் அநாதை இல்லம் கட்டத் தொடங்கினார்கள். கட்டடம் எழும்புவதற்குள் குடும்பங்கள் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டுவிட்டன. அநாதை இல்லத்தில் ஓர் அநாதையும் தங்கவில்லை, பள்ளிக்கூடமாகத்தான் பயன்பட்டது. இந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு செய்திதான் அனுமதி என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை விட்டுவிட்டுக் கதை சொல்வது நியாயமில்லை. குடியேறியவர்களின் பன்றிகள் ஒட்டாவாக்களின் பயிரில் மேய்ந்தன, பாகு காய்ச்சும் மேப்பிள் மரங்கள் கோடாலிக்குப் போயின, அம்மையும் வந்தது. 1849இல் ஒட்டாவாத் தலைவர் வாக்கஸூவின் மக்கள் ஸ்மித்தோடு வடக்கே கிளம்பிப் போனார்கள். ஊரின் பூங்காக்களில் டச்சுக் கதை நிறைய எழுதியிருக்கிறது, இதைத் தேடித்தான் படிக்கவேண்டும்.

மாலையில் ஒட்டாவா பீச் பக்கமுள்ள ஸ்டேட் பார்க்கில் நின்றால் கால்வாயும் எதிர்க்கரையில் சிவப்புக் கலங்கரை விளக்கமும் தெரியும். தெற்குக் கரையிலிருந்து போகும் வழி தனியார் நிலத்தின் ஊடே என்பதால் எப்போதும் திறந்திருக்காது. படம் எடுக்க வடக்குக் கரையே வசதி. மணல்மேடு அடைத்துக்கொண்ட இந்த வாயை முதலில் மண்வெட்டியால் வெட்டித் திறந்தவர்கள் குடியேறியவர்களே. அரசாங்கப் பணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தாங்களே இறங்கினார்கள்.

நாளை ஞாயிறு, பல கடைகள் திறக்காது. வேண்டியதை இன்றே வாங்கிவிடுங்கள், முக்கியமாகப் பாங்கெட். பாதாம் விழுது அடைத்த நீளமான வெண்ணெய்ப் பலகாரம் இது. வீட்டில் செய்ய: 450 கிராம் குளிர்ந்த வெண்ணெயை 4 கப் மைதாவில் கடுகளவு துண்டுகளாகும்வரை கொத்தி, 1 கப் ஐஸ் தண்ணீர் விட்டுச் சேர்த்து, ஓர் இரவு குளிரில் வைக்கவேண்டும். உள்ளே வைக்க 450 கிராம் பாதாம் விழுது, 2 கப் சர்க்கரை, 3 முட்டை. எட்டுப் பட்டைகளாகத் தேய்த்து, நடுவில் விழுதை விரல் தடிமனுக்கு வைத்துச் சுருட்டி, ஓரங்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைக்கவேண்டும். மேலே ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை முள்கரண்டியால் குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைபட்டு, பக்கவாட்டில் வெடித்து விழுது ஒழுகித் தட்டில் கருகிவிடும். 200 டிகிரி செல்சியஸில் 25–30 நிமிடம். வெண்ணெய் உருகிவிட்ட மாவு அடுக்கடுக்காகப் பொரியாது, பிஸ்கட் மாதிரி கெட்டியாகிவிடும்.

ஞாயிறு – தூண் கோவில்

ஒன்பதாம் தெருவும் காலேஜ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை மரத்தூண்களோடு நிற்கும் பில்லர் சர்ச் 1856 ஜூனில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முதல் கோவில் 1847இல் கட்டிய மரக்கட்டைக் கூடம். அது இருந்த இடம் இன்று கல்லறைத் தோட்டம். பதினாறாம் தெருவின் அந்தக் கூடத்திலிருந்து பத்து வருடத்துக்குள் இந்தத் தூண்களுக்கு வந்திருக்கிறார்கள். கோபுர உச்சியில் சேவல். சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவின் மறுதலிப்பை நினைவூட்டும் அந்தச் சேவல் நெதர்லாந்தின் கோவில்களில் சாதாரணம்.

ஆராதனையில் கலந்துகொள்கிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்காருவது மரியாதை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை என்பது பழைய ஒழுங்கு. காலையில் வேதபாடத்திலிருந்து பிரசங்கம். இரண்டாவதில் சபையின் நம்பிக்கையைக் கேள்வி பதிலாகச் சொல்லும் ஹைடல்பர்க் வினாவிடையிலிருந்து. 1563இல் வெளிவந்த அந்த நூலில் 129 கேள்விகள், அவற்றை 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். எனவே வருடம் ஒருமுறை போதகர் முழு உபதேசத்தையும் சுற்றிவரவேண்டும், தனக்குப் பிடித்ததை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. முதல் கேள்வியே வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்பது. 1847 கோடையில் அந்தக் குடிசைகளில் பிள்ளைகள் இதை ஒப்பித்திருப்பார்கள் என்று எண்ணும்போது அந்தக் கேள்வியின் எடை வேறாகத் தெரிகிறது.

பாட்டு என்றால் வேதாகமத்தின் சங்கீதங்கள், 1773ஆம் ஆண்டின் செய்யுள் வடிவில். ஆர்கன் இல்லாத இடங்களில் ஒருவர் முன்னின்று எடுத்துக்கொடுக்க, சபை ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி மெதுவாகப் பின்தொடரும். நீண்ட பிரசங்கத்தின் நடுவே வரிசையில் பெப்பர்மின்ட் மிட்டாய் கைமாறுகிற பழக்கம் இன்றும் டச்சுச் சபைகளில் இருக்கிறது. பக்கத்துப் பெரியவர் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவில் கால்பங்குதான். மீதி சாப்பாட்டு மேசையில். சாப்பிடுவதற்கு முன் அப்பா ஜெபிப்பார். சாப்பிட்டபின் யாரும் எழுந்திருக்கக் கூடாது. வேதத்திலிருந்து ஓர் அதிகாரம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, வம்ச அட்டவணைகளைக்கூடத் தாண்டாமல் வாசித்து, பிறகு நன்றி ஜெபம். மூன்று வேளையும் இதே ஒழுங்கைக் கடைப்பிடித்த வீடுகள் பல. இதற்கு மேல் வருடம் ஒருமுறை இரண்டு மூப்பர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, குடும்ப ஜெபம் நடக்கிறதா, வினாவிடை வகுப்புக்குப் போகிறார்களா, அக்கம்பக்கத்தில் சண்டை உண்டா என்று கேட்பார்கள். பல குடும்பங்கள் இதனால் தாங்கப்பட்டன. இதனால் மூச்சுமுட்டியவர்களும் இருந்தார்கள்.

ஃபான் ரால்டெயிடம் குறையும் இதே இடத்தில்தான். போதகர், மருத்துவர், நில வியாபாரப் பொறுப்பாளர் எல்லாம் அவரே. கடன் பாக்கிக்காரர், ஞாயிற்றுக்கிழமை தனக்குத் திருவிருந்து கொடுத்தவரிடமே திங்கட்கிழமை நிலப்பத்திரம் பேசவேண்டியிருந்தது. முணுமுணுப்பு எழாமல் எப்படி இருக்கும்?

திங்கள் – கிராமங்கள்

கார் எடுத்துத் தெற்கே க்ராஃப்ஸ்காப், வடகிழக்கே நூர்டலோஸ், கிழக்கே ஸீலண்ட், ஃப்ரீஸ்லண்ட். ஒரே பகலில் முடித்துவிடலாம்.

1850இல் ஃபான் ரால்டெ தன் சபைகளை நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த சீர்திருத்தத் திருச்சபையோடு சேர்த்தார். தனித்து நின்றால் பள்ளிக்கும் போதகர்களுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பது அவர் கவலை. ஆனால் அங்கே சங்கீதங்களோடு பாமாலைகளும் பாடினார்கள், வெளிச்சபையாரும் திருவிருந்துக்கு வரலாம், வினாவிடைப் பிரசங்கம் தளர்ந்திருந்தது. 1857 ஏப்ரலில் க்ராஃப்ஸ்காப், நூர்டலோஸ், போல்க்டன் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கிராண்ட் ராபிட்ஸிலிருந்தும் விலகல் கடிதங்கள் வந்தன. அங்கே பிறந்ததுதான் கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சபை. பிரிந்துவந்தவரிடமிருந்தே பிரிந்து போனார்கள். பின்னால் 1880களில் ஃப்ரீமேசன் போன்ற ரகசியச் சங்கங்கள் பற்றிய சண்டையில் பில்லர் சர்ச்சே பெரும்பான்மையோடு அந்தப் பக்கம் போய்விட்டது. 2012 முதல் அது இரண்டு சபைகளுக்கும் பொது.

ஸீலண்ட் வேறு மாதிரி. யான்னெஸ் ஃபான் டெ லௌஸ்டர் என்ற வசதியான விவசாயி நெதர்லாந்தில் தன் பண்ணையை விற்று, போக வழியில்லாத பலருக்குக் கப்பல் கட்டணம் தானே கொடுத்து, இங்கே ஊருக்கான நிலத்தையும் வாங்கினார். கப்பலேறும் முன்பே சபையாக அமைந்து, போதகர் கொர்னேலியுஸ் ஃபான் டெர் மூலனோடு வந்த கூட்டம் இது.

ஃப்ரீஸ்லண்டில் ஒரு சின்னக் கோவில்தான், ஆனால் நிற்காமல் போகாதீர்கள். நெதர்லாந்திலிருந்து வந்த ஆட்ரியான் ஸ்வேமர் இங்கே போதகராக இருந்தபோது 1867இல் பிறந்தவர் சாமுவேல் ஸ்வேமர், பதினைந்து பிள்ளைகளில் பதின்மூன்றாவது. அரேபிய மிஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். தம்பி பீட்டர் மஸ்கட்டில் ஊழியம் செய்து 1898இல் இறந்தார். சகோதரி நெல்லி சீனாவுக்குப் போனார். சாமுவேலின் இரண்டு சிறு மகள்களும் 1904இல் ஒரே மாதத்தில் பஹ்ரைனில் இறந்தார்கள். ஒரு கிராமத்து வீட்டின் சாப்பாட்டு மேசை ஜெபம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று கணக்கிட இந்த ஒரு குடும்பம் போதும்.

செவ்வாய் – காகிதங்கள்

குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு இந்த நாள். ஹோப் கல்லூரியின் ஃபான் ரால்டெ ஆய்வு மையமும், ஊர் மியூசியத்தின் ஆவணங்களும், கிராண்ட் ராபிட்ஸில் கால்வின் பல்கலைக்கழகத்தின் ஹெரிட்டேஜ் ஹாலும் முக்கியம். வார நாட்களில் மட்டும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது பெயரில். 'ஃபான்', 'டெ' என்ற முன்னொட்டுகளை அமெரிக்கப் பட்டியல்கள் பெயரோடு சேர்த்து அடுக்கும். நெதர்லாந்துப் பட்டியல்கள் விட்டுவிடும். அதனால் ஃபான் ரால்டெ இங்கே ஒரு எழுத்தில், அங்கே வேறொரு எழுத்தில். பெண்களை நெதர்லாந்துப் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரில்தான் தேடவேண்டும். கணவர் பெயரில் தேடினால் வாழ்நாள் முழுவதும் கிடைக்கமாட்டார்கள். முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற வழக்கத்தால் ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பார்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் சகஜம். 1840இல் பிறந்த யான் என்று கிடைத்தவுடன் எழுந்துவிடாமல், அந்தக் குழந்தையின் இறப்புப் பதிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும்.

நெதர்லாந்தில் குடிமைப் பதிவு பெரும்பாலான இடங்களில் 1811இல் தொடங்குகிறது. பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கழிந்தபின் பொதுவில் திறக்கும். திருமணப் பதிவோடு வைத்த இணைப்புக் காகிதங்களை யாரும் கேட்பதில்லை. அதில்தான் புதையல் இருக்கிறது. மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்த பெற்றோரின் சான்று, மாப்பிள்ளையின் ராணுவச் சீட்டு. அந்தச் சீட்டில் உயரம், கண் நிறம், மூக்கின் வடிவம்கூட எழுதியிருக்கும்.

சபை ஏடுகளில் இரண்டு வகை. குடும்பம் ஊர் மாறும்போது பழைய சபை கொடுத்த நற்சாட்சிக் கடிதம், அது எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கிராமப் பெயரோடு காட்டும். மூப்பர் கூட்டக் குறிப்புகள் வீட்டுக்குள்ளேயே கூட்டிப்போகும்: குடி, கடன், மாமியார் மருமகள் சண்டை, மன்னிப்புக் கேட்டது, திருவிருந்துக்குத் திரும்பச் சேர்த்தது. இவற்றைப் படிக்கிறவர்கள் ஒரு வரியைப் பார்த்து யாரையும் எடைபோடக் கூடாது. அடுத்த மாதக் குறிப்பையும் புரட்டுங்கள்.

புதன் – கல்லூரியும் கல்லறையும்

ஃபான் ரால்டெ நன்கொடையாகக் கொடுத்த நிலத்தில் 1851இல் தொடங்கிய பள்ளி 1866இல் ஹோப் கல்லூரியானது. முதல் பட்டதாரிகள் எட்டுப் பேர். வளாகத்தின் பழைய கட்டடமான ஃபான் ஃப்ளெக் ஹாலைப் பார்த்தபின், வேலூர்க்காரர்கள் கட்டாயம் நிற்கவேண்டிய இடம் வூர்ஹீஸ் ஹால். நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் வூர்ஹீஸின் பெயர். வேலூரில் ஊரீஸ் கல்லூரி என்று நாம் சொல்வதும் இவர் பெயரால்தான். ஃபான் ரால்டெ 1850இல் போய்ச் சேர்ந்த அதே திருச்சபைதான் ஸ்கடர் குடும்பத்தார் மூலம் 1853இல் ஆற்காட்டு மிஷனை அமைத்தது. ஐடா ஸ்கடரின் மருத்துவமனையும் அந்த வழியில் வந்தது.

அங்கிருந்து பில்க்ரிம் ஹோம் கல்லறைத் தோட்டம். ஃபான் ரால்டெயின் கல் இங்கே, கிறிஸ்டினாவின் கல் பக்கத்திலேயே. மகன்கள் பெஞ்சமினும் டிர்க்கும் உள்நாட்டுப் போருக்குப் போனார்கள். 1864இல் அட்லாண்டா அருகே டிர்க் வலது கையை இழந்தார். போதகர் 1867இல் சபைப் பொறுப்பை விட்டபின்னும் ஓயவில்லை. 1869இல் வர்ஜீனியாவின் அமீலியாவில் இன்னொரு குடியேற்றம் என்று கிளம்பினார், உடம்பு முடியாத கிறிஸ்டினாவும் கூடப் போனார். அங்கேயும் மலேரியா; திரும்பிவிட்டார்கள். 1871 ஜூன் 30இல் கிறிஸ்டினா இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 8, 9இல், சிகாகோ எரிந்த அதே இரவில், ஹாலந்தும் எரிந்தது. வறண்ட கோடை, வெட்டிக் குவித்த மரக்கழிவு, திசைமாறிய காற்று. வீடுகளும் கடைகளுமாக ஊரின் பெரும்பகுதி போயிற்று. பில்லர் சர்ச்சும் கல்லூரியும் தப்பின. ஃபான் ரால்டெ 1876 நவம்பர் 7இல் இறந்தார். சென்டெனியல் பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. காட்டில், காய்ச்சலில், கடலில், இரண்டாம் முறையும் வீடு பெயர்த்துக் கூடவே வந்த கிறிஸ்டினாவுக்கு அதே அளவில் ஒரு சிலை இந்த ஊர் வைத்திருக்கவேண்டும்.

ஆற்காட்டு மிஷன் பற்றித் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷனரிகளின் சொந்தக் கடிதங்கள் சில ஹாலந்தில் கிடைக்கும். ஆனால் மிஷனின் அதிகாரபூர்வ ஆவணங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் காப்பகத்தில், நியூஜெர்சியின் நியூ பிரன்சுவிக்கில் உள்ளன. வேலூர், ஆரணி, மதனப்பள்ளி என்று ஊர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் கேட்டு எழுதினால் தேடித்தருகிறவர்களுக்கு வேலை சுலபம்.